மின்னிலாவும் இரண்டு பரப்பு வெங்காயமும்

புத்தூரில் வைத்தியர்கள், பொறியியலாளர்கள், ஓய்வுபெற்ற ஒரு நீதவான் என்று பெரிய மனிதர்கள் பலர் பிறந்து, வளர்ந்து, கனடாவுக்குப் போயிருக்கிறார்கள். தக்சாயினி அங்கேயே பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே இருந்தாள். தகப்பனுக்குத் தபால் கந்தோரில் வேலை. வீட்டுக்கு ஒரே பிள்ளை. பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துப் பட்டம் வாங்கியதோடு அவளுடைய வாழ்க்கையின் முதற்பாகம் இனிதே நிறைவெய்தியது. இரண்டாம் பாகம், அரசாங்கம் வேலை தரும்வரை காத்திருப்பது. இருபத்தைந்து வயதில் அவளுக்கு அந்தத் துறையில் நல்ல அனுபவம் சேர்ந்திருந்தது.

காத்திருந்த நேரத்தில் அவள் சும்மா இருக்கவில்லை. ஒரு நாட்டைக் கட்டினாள். நாட்டுக்கு ஆழிமருதம் என்று பெயர்; கட்டிய இடம் பேஸ்புக். மூன்று ஆறுகள், ஏழு மதில்கள், நியாயம் பேசும் ஆந்தைகள் எல்லாம் அங்கே இருந்தன. கதை எழுதியவள் புவியியல் பட்டதாரி என்பதால் ஆறுகள் மேட்டிலிருந்து பள்ளத்துக்கே ஓடின. கொரோனா வந்த வருடம் ஆழிமருதத்திலும் ஒரு கொள்ளைநோய் புகுந்தது. கருங்கொப்புளம் என்ற அந்த நோய்க்கு அஞ்சிய அரசன், நோயாளிகளை ஏழாம் மதிலுக்குள் அடைத்துக் கதவைச் சாத்தினான். அவனுடைய மகள், பதினேழே வயதான இளவரசி மின்னிலா, மதிலேறிக் குதித்து, அடைபட்ட சனத்துக்கு மூலிகையும் தண்ணீரும் கொடுத்து வந்தாள். வெள்ளிக்கிழமைதோறும் ஓர் அத்தியாயம்.

மின்னிலாவுக்குப் பயம் என்ற ஒன்று கிடையாது. அவளுக்குரிய பங்கையும் சேர்த்துத் தக்சாயினியே வைத்திருந்தாள். சந்தைக்குப் போய்வந்த தகப்பனைக் கிணற்றடியில் மறித்துக் குளிக்க வைத்த பிறகுதான் வீட்டுக்குள் விடுவாள். கத்தரிக்காய்க்கும் மஞ்சள் தண்ணீரில் முழுக்கு உண்டு. வேலிக்கு அங்கால் யாராவது தும்மினால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள். சாத்திவிட்டு வந்து, நோயாளியின் தலையை மின்னிலா மடியில் கிடத்திக் கஞ்சி பருக்குகிற கட்டத்தைக் கண்கலங்க எழுதுவாள்.

வாசகர் ஆயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் தலையாய வாசகி பக்கத்து வீட்டுச் சாருஜா. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்த அந்தப் பிள்ளை, அத்தியாயம் வெளியான நிமிடத்திலேயே வாசித்து, இதயம் போட்டு, அடுத்து என்ன என்று வேலிக்கு மேலால் கேட்பாள். அவளுடைய தகப்பன் சிவசுப்பிரமணியம், ஊருக்குச் சிவம், தோட்டக்காரர். தாய் மகாதேவி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி, இரண்டு வீட்டு வளவுக்கும் பின்னால், வேலிக்கு வெளியே, சிவத்தின் வெங்காயத் தோட்டம்.

ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் சனியன் பிடித்தது. அதில் ஒரு வணிகன் தன் வீட்டுக்குள் வந்த கருங்கொப்புளத்தை மறைப்பதற்காக வாசலில் தோரணம் கட்டிக் கல்யாண வீடு என்று சொல்லிவிடுகிறான். தெருவே விருந்துக்கு வந்து, தெருவே செத்துப் போகிறது. வாசகர்கள் கொதித்துப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவராவது காவலரிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று பலர் எழுதினார்கள். எல்லாவற்றுக்கும் தக்சாயினி இதயம் போட்டாள். தான் எழுதியதை முதலில் நம்பியவள் அவள்தான் என்பது அப்போது ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது.

அடுத்த வருடம் மாசி மாதம். சிவம் லொறியில் பீற்றூட் ஏற்றிக்கொண்டு, நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் கூடுகிற தம்புள்ளைச் சந்தைக்குப் போய் வந்தார். அவர் வந்த சில நாளில் சாருஜாவுக்குக் காய்ச்சல் அடித்தது. மறுநாள் அந்த வீட்டு வாசற்படலையில் இரண்டு கொப்பு வேப்பிலை செருகியிருந்தது.

படலையில் வேப்பிலை என்றால் உள்ளே அம்மாள் வந்திருக்கிறா என்று அர்த்தம். அது ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். வருத்தம் என்ன நோய் என்று அதன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். வெளியார் உள்ளே போவதில்லை, உள்ளே இருப்பவர்கள் வெளியே திரிவதில்லை. தாளிப்பு இல்லை, மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. கொப்புளம் வாடி, வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் முழுகிய பிறகுதான் எல்லாம் வழமைக்கு வரும். அரசாங்கம் தனிமைப்படுத்தலைக் கண்டுபிடிப்பதற்கு நெடுங்காலம் முன்னரே, பொலிசும் நோட்டீசும் இல்லாமல் நடந்துவந்த தனிமைப்படுத்தல் அது.

தக்சாயினியின் தாய் வேப்பிலையைக் கண்டாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள், அன்றைக்கே தன் குசினியிலும் தாளிப்பை நிறுத்தினாள். பட்டதாரியும் வேப்பிலையைக் கண்டாள். அவளுக்கு அது வேப்பிலையாகத் தெரியவில்லை, தோரணமாகத் தெரிந்தது. தம்புள்ளை, லொறி, காய்ச்சல், வாசலில் ஒரு மறைப்பு. ஒன்பதாம் அத்தியாயம் அப்படியே படலையில் தொங்கியது.

நியாயமாகப் பார்த்தால் சாருஜாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டாள். என்ன வருத்தம் என்று போனில் செய்தி அனுப்ப, அம்மாள், அக்கா என்று பதில் வந்தது. வேறு என்ன சொல்லப்போகிறார்கள் என்று தக்சாயினி நினைத்தாள். அந்த வணிகனும் கேட்டவர்களுக்குக் கல்யாணம் என்றுதானே சொன்னான்.

பின்னேரம் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, குழாயைத் திறந்துவிட்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, ஊர்ப் பாஷையில் பீ.எச்.ஐ.க்கு, தொலைபேசி எடுத்தாள். குரலைத் தடிப்பாக்கி, இன்ன ஒழுங்கையில் இன்ன வீட்டில் கொரோனாவை மறைக்கிறார்கள், வீட்டுக்காரர் தம்புள்ளை போய் வந்தவர் என்று அறிவித்தாள். கதைப்பது யார் என்று அவர் கேட்டதற்கு, ஒரு பொறுப்புள்ள பிரசை என்றாள். மின்னிலாகூட அவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கமாட்டாள். அன்றிரவு நல்ல நித்திரை.

காலையில் வாகனம் வந்தது. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்புப் போட்ட மூன்று பேர் இறங்கினார்கள். ஒழுங்கை முழுவதும் வேலியோரம் கூடி நிற்க, அவர்கள் படலையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மகாதேவி வாசலை மறித்து நின்று, அம்மாள் இருக்கிற வீடு, காலிலை கிடக்கிறதைக் கழற்றிப்போட்டு வாங்கோ தம்பியவை என்று கெஞ்சியது இரண்டு வீட்டுக்கும் கேட்டது. சப்பாத்து உட்பட அந்த உடுப்பில் எதையும் கழற்ற அவர்களுக்கு அனுமதி இல்லை. சப்பாத்துக் காலோடு சாமித்தட்டுக்கு முன்னால் நின்று மருந்து விசிறினார்கள். சாருஜாவின் முகத்தைக் கண்டதும் அவர்களில் ஒருவர், இது கொப்புளிப்பான்தானே என்று சலிப்போடு சொன்னதும் வேலியைத் தாண்டி வந்தது. ஆனாலும் தகவல் என்று ஒன்று வந்துவிட்டது. ஐயா தம்புள்ளை போய் வந்ததும் உண்மை. மூக்கில் குச்சி விட்டார்கள், படலையில் நோட்டீசு ஒட்டினார்கள், முடிவு எப்படி வந்தாலும் இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளைக்கு, ஒருவரும் வெளிக்கிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தக்சாயினி ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்றாள். வெட்கப்படுகிறவர்களுக்கு முகம் சிவக்கும் என்று அவள் பல அத்தியாயங்களில் எழுதியிருக்கிறாள். முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. காலைச் சாப்பாடு வேண்டாம் என்றாள். தாய் அதை அம்மாள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பக்தி என்று எடுத்துக்கொண்டாள்.

வருத்தக்காரி எப்படியும் எழும்பிவிடுவாள். எழும்பாதது வெங்காயம். இரண்டு பரப்பு நிலத்தில், நன்றாக விளைந்து, தாள் சாய்ந்து, அந்தக் கிழமை பிடுங்குவதற்கென்று ஆள் சொல்லி வைத்திருந்தது. சொன்ன ஆட்கள் நோட்டீசைக் கண்டு வரவில்லை. சிவத்தின் சொந்தத் தமையனே, தோட்டத்துக் காற்றும் கூடாதாம் என்று சொல்லி மறுபக்கத்து ஒழுங்கையால் சைக்கிளில் போகத் தொடங்கினார். வானொலி பருவம் தவறிய மழை வருகிறது என்றது. விளைந்த வெங்காயத்தின் மேல் மழை விழுந்தால் முதலில் தாள் அழுகும், பிறகு குமிழ் அழுகும், பிறகு அந்த வருடம் அழுகும். சிவம் தன் வளவுக்குள், வேலியைப் பிடித்தபடி, இறங்க முடியாத தன் தோட்டத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். தக்சாயினியின் அறை ஜன்னலில் இருந்து அது நன்றாகத் தெரியும். ஜன்னலைச் சாத்தினாலும் தெரிந்தது.

படுக்கையில் கிடந்த சாருஜா செய்தி அனுப்பினாள். யாரோ தங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டார்களாம், அம்மா இரவு பகலாய் அழுகிறாவாம், ஆரென்று தெரியாதாம். கதையிலும் அப்படி ஒரு ஆளைப் போட்டு, பாம்புக் கிணற்றுக்குள் தள்ளிவிட வேண்டுமாம். தக்சாயினி வெள்ளிக்கிழமை சொன்னபடி செய்தாள். காட்டிக்கொடுத்தவனை அறுபது வயது, ஒற்றைக் கண், நரைத்த தாடி என்று தன்னிலிருந்து எவ்வளவு தூரத்துக்கு விலத்த முடியுமோ அவ்வளவு தூரம் விலத்தி எழுதி, மின்னிலாவின் கையாலேயே கிணற்றுக்குள் தள்ளினாள். வாசகர்கள் ஆரவாரித்தார்கள். கிணறு இன்னும் ஆழமாக இருந்திருக்கலாம் என்று ஒருவர் குறைபட்டார். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்தாள். வானம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது.

மறுநாள் விடிந்ததும் அவள் வெளிக்கிட்டாள். தகப்பனுடைய மழைக்கோட்டு, இரண்டு மாஸ்க், பாத்திரம் கழுவுகிற கையுறை, தலையில் துவாய். போர்க்கோலம் என்று மின்னிலா கதையில் வர்ணித்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தாய் குறுக்கே நின்று, விசர் பிடிச்சிட்டுதோ, அம்மாள் வீட்டுத் தோட்டத்துக்குள் ஆரும் இறங்குவினமோ என்று கேட்டாள். மகள் தாயைச் சுற்றிக்கொண்டு போனாள்.

ஆறுகளின் போக்கு அறிந்த பட்டதாரிக்கு வெங்காயத்தின் போக்குத் தெரியாது. தாளைப் பிடித்து இழுத்தாள். தாள் கையோடு வந்தது, வெங்காயம் செம்மண்ணுக்குள்ளேயே இருந்தது. முதல் வரிசை முழுக்க இப்படியே போக, வேலிக்குப் பின்னாலிருந்து சிவத்துக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளை, தாளிலை பிடிச்சு இழுக்காதை. அடியிலை பிடிச்சு, ஒருக்கா ஆட்டிப்போட்டு எடு."

"சரி மாமா."

"உந்தக் கையுறையைக் கழட்டு. அதோடை பிடி கிடைக்காது."

கழற்றினாள். ஒரு பிடி வந்தது. சிவம் வேலியில் சாய்ந்துகொண்டார்.

"ஆர் பிள்ளை உன்னை அனுப்பினது?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை மாமா."

"என்ரை கூடப்பிறந்ததே எட்டிப் பாக்கேல்லை," என்று சொல்லிவிட்டு அவர் தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்தார். "நீ நல்லாயிருப்பாய்."

தக்சாயினிக்கு மண்ணுக்குள்ளே போய்விடலாம் போலிருந்தது. அந்த மண்ணில் வெங்காயம் இடம் விட்டிருக்கவில்லை. குனிந்த தலையை நிமிர்த்தாமல் அடுத்த வரிசைக்குப் போனாள். அவர் ஏசியிருந்தால் முதுகு அவ்வளவு நொந்திருக்காது.

இதற்குள் சாருஜா ஜன்னலால் போனை நீட்டிப் படம் எடுத்துவிட்டாள். செம்மண் அப்பிய மழைக்கோட்டோடு, கையில் வெங்காயப் பிடியோடு நின்ற அந்தப் படம் பேஸ்புக்கில் ஏறியது. மேலே, இவள்தான் எங்கள் ஊரின் உண்மையான மின்னிலா என்று ஒரு வரி. மத்தியானத்துக்குள் படம் கரவெட்டி, இணுவில், லண்டன், ரொறன்ரோ எல்லாம் போய் வந்தது.

அதன் பிறகு நடந்ததை மருத்துவம்தான் விளக்க வேண்டும். காலையில் தோட்டத்துக் காற்றிலே இருந்த கிருமி மத்தியானத்தோடு செத்துப்போயிற்று. சனசமூக நிலையத்துத் தலைவர் சுபாங்கன் பத்துப் பன்னிரண்டு இளைஞர்களோடு, ஒரு பதாகையோடு வந்து இறங்கினார். சிவத்தின் தமையனும் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு இறங்கினார். படம் எடுக்கிற நேரத்தில் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்குவதும், எடுத்து முடிந்ததும் ஏற்றுவதுமாக இருந்தார்களே தவிர, சொல்லக்கூடாது, வேலை தெரிந்தவர்கள். பின்னேரத்துக்குள் மேற்கு மூலையில் ஒரு துண்டு தவிர மற்றதெல்லாம் பிடுங்கி, பிடி கட்டி, கொட்டிலுக்குள் தூக்கியாகிவிட்டது. மழையும் சொல்லி வைத்தது போல இரவு கொட்டி, மிச்சம் கிடந்த அந்த மூலையை மட்டும் எடுத்துக்கொண்டது.

இடையில், சுபாங்கன் தண்ணீர் குடிக்க ஒதுங்கியபோது, தக்சாயினி அவரிடம் போய், அண்ணை, உங்களுக்கு ஒரு விசயம் சொல்ல வேணும், இந்த வீட்டை அடைச்சதுக்கு என்று தொடங்கினாள். தெரியும் தங்கச்சி, இந்தச் சமூகத்தின்ரை நிலைமை அப்பிடி என்று அவர் பெருமூச்சு விட்டார். விட்டுவிட்டு, எங்கேயோ இருந்து ஒரு பொன்னாடையை எடுத்து அவளுடைய மழைக்கோட்டின் மேலே போர்த்தினார். அதையும் படம் எடுத்தார்கள். படத்தில் அவள் அழுகிறாள். ஆனந்தக் கண்ணீர் என்று கீழே எழுதியிருந்தது.

பரிசோதனையில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை என்று வந்தது. இரண்டு கிழமை முடிந்தது, நோட்டீசு கிழிந்தது, சாருஜா முழுகினாள். மறுநாள் காலை மகாதேவி ஒரு பை நிறைய வெங்காயத்தோடு தக்சாயினி வீட்டு வாசலில் வந்து நின்றாள். நல்ல சேலை உடுத்தி, திருநீறு பூசி, கோயிலுக்குப் போகிற மாதிரி வந்திருந்தாள். பெற்ற பிள்ளை செய்வதை விடப் பெரிய உதவி, ஏழு பிறப்புக்கும் மறக்கமாட்டன் என்று தொடங்கினாள். ஏழு பிறப்புக்கும் என்றதைத் தக்சாயினியால் தாங்க முடியவில்லை.

"மாமி, ரெலிபோன் எடுத்தது நான்."

எந்த ரெலிபோன் என்று மகாதேவி சிரித்த முகத்தோடேயே கேட்டாள்.

"பீ.எச்.ஐ.க்கு. உங்கடை வீட்டிலை கொரோனா, மறைக்கினம் எண்டு சொன்னது நான்தான்."

மகாதேவியின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது, எடுக்க மறந்து போனது போல.

"படலையிலை வேப்பிலை கட்டினதைப் பாத்தனிதானே?"

"பாத்தனான்."

"பாத்திட்டுமோ?"

"ஓம் மாமி."

மகாதேவி வளவுப் பக்கம் திரும்பி, தங்கள் வேப்பமரத்தைப் பார்த்தாள். "உனக்கு எட்டு வயசிலை அம்மாள் வந்தது. இந்த மரத்து இலையிலைதான் கொம்மா உன்னைக் கிடத்திவைச்சவ. நான்தான் ஒவ்வொரு நாளும் முறிச்சு வேலியாலை தந்தனான்." பிறகு இவள் பக்கம் திரும்பி, "அவங்கள் சப்பாத்தோடை வந்தவங்கள், பிள்ளை," என்றாள்.

மகாதேவி வாசலில் வைத்த பையைத் திரும்பத் தூக்கினாள். போட்டு வாறன் என்று சொல்லாமல் போனாள். ஊரில் செத்தவீட்டிலிருந்து போகிறவர்கள்தான் அப்படிச் சொல்லாமல் போவார்கள்.

குசினிக்குள் நின்ற தாய் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மகளை ஒரு வார்த்தை ஏசவில்லை. மத்தியானம் அரைத்த சம்பலில் வெங்காயம் போடவில்லை, அவ்வளவுதான். ஒன்றும் அறியாத தகப்பன் மட்டும், என்னப்பா சம்பல் வாய்க்குப் பிடிக்கேல்லை என்று கேட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

பின்னேரம் தக்சாயினி சாருஜாவுக்குத் தொலைபேசி எடுத்து, அந்தப் படத்தை அழித்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள். தாய் சொல்லி அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"அழிக்கமாட்டன் அக்கா. கிடக்கட்டும். ஒவ்வொரு லைக்கும் விழேக்கை உங்களுக்குக் குத்தட்டும்."

"என்னைப் பேசு சாரு. பேசிப்போட்டு அழி."

"பேசவும் ஏலாமல் கிடக்கு. நீங்கள் பிடுங்கின வெங்காயத்தைத்தானே சாப்பிடுறம்." அவள் அழத் தொடங்கியது கேட்டது. "கதை எழுதுவியள்தானே. இதையும் நீங்களே எழுதுங்கோ."

எழுதினாள். ஆந்தை இல்லை, மதில் இல்லை. தன் பெயரைப் போட்டு, ஒழுங்கையைப் போட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டது முதல் பொன்னாடைவரை ஒன்றையும் விடாமல், ஒற்றைக் கண் கிழவனை எதற்காகப் படைத்தாள் என்பது உட்பட, ஒப்புக்கொண்டு எழுதிப் போட்டாள். போட்டுவிட்டு, ஊர் தன்னைக் கல்லால் எறியப்போகிறது என்று காத்திருந்தாள். காத்திருப்பதில் அவளுக்குத்தான் பட்டம் இருக்கிறதே.

கல் வரவில்லை. எதிர்பாராத திருப்பம் என்று முதலாவது ஆள் எழுதினார். ஆசிரியையே கதைக்குள் இறங்குவது தமிழுக்குப் புதுமை என்றார் இரண்டாவது ஆள். சுபாங்கன், தன்னடக்கத்தின் சிகரம் என்று இரு கைகூப்பிய படம் போட்டார். லண்டனிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற கணக்காளர் மட்டும், நடை நன்று, ஆனால் படித்த பெண்ணொருத்தி இப்படிச் செய்வாள் என்பது நம்பும்படி இல்லை, அடுத்த பதிப்பில் திருத்தவும் என்று ஆலோசனை சொன்னார். தக்சாயினி, இது கதை இல்லை என்று பதில் எழுதினாள். அந்தப் பதிலுக்கும் இதயங்கள் வந்து விழுந்தன. உண்மையைச் சொல்லுகிற உரிமையையும் அவள் அத்தியாயம் அத்தியாயமாக விற்றுத் தின்றுவிட்டாள் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

இதயங்களைக் கீழே தள்ளிக்கொண்டே போனபோது, அவற்றுக்கு நடுவில் சிவப்பாய், புருவம் நெரித்த ஒரு கோபமுகம் தெரிந்தது. ஒன்றே ஒன்று. யாருடையது என்று தொட்டுப் பார்த்தாள். மகாதேவி. கனடாவில் இருக்கிற தம்பியோடு கதைக்கவென்று சாருஜா திறந்து கொடுத்த கணக்கு. கோயில் தேருக்கும் யாரோ வீட்டுப் பிறந்தநாள் கேக்குக்கும் ஒரே மாதிரிப் பெருவிரல் போட்டுப் பழகிய மனுசி, அந்தக் கோபமுகம் எங்கே இருக்கிறது என்று தேடி எடுத்துப் போட்டிருக்கிறாள்.

அவ்வளவு சனத்துக்குள் தன்னை நம்பிய ஒரே ஆள். தக்சாயினி அந்தச் சின்னச் சிவப்பு முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு போனை வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டு, வெறுங்காலோடு ஒழுங்கையில் இறங்கி, பக்கத்து வீட்டுப் படலைக்கு வெளியே போய் நின்றாள்.

மகாதேவி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. குனிந்து, விட்ட இடத்திலிருந்து கூட்டத் தொடங்கினாள். தக்சாயினி நின்றாள்.